பழைய பிரவுசர்: தாங்கிப் பிடிப்பதா, கதவடைப்பதா, திண்ணையில் உட்காரவைப்பதா?

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-ஐ மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் மூடிவிட்டது. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனி குடோனிலும் ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இன்னும் பில் போட்டுக்கொண்டிருக்கிறது. வெப் டிசைன் கம்பெனி "இனி பழைய பிரவுசருக்கு சப்போர்ட் கிடையாது" என்றதும் முதலாளி கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க, அப்ப நம்ம சைட்டு அதுல தெரியாதுங்களா?" கம்பெனி எந்த வழியில் சப்போர்ட்டை நிறுத்துகிறது என்பதைப் பொறுத்தது அது.

பழசிலும் மூன்று ரகம்

முதலாவது, எக்ஸ்ப்ளோரர் 11. 2015-இலும் அதற்குப் பிறகும் வந்த ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை இயக்கும் கோட், அதாவது ஸ்கிரிப்ட்) எழுத்துமுறை அதற்குத் தெரியாது. ஃபைலில் அந்தப் புது முறையில் ஒரே ஒரு ஆரோ ஃபங்ஷன் இருந்தாலும் அந்த வரியை மட்டும் தாண்டிப் போகாது, ஃபைல் முழுவதையும் தூக்கி எறிந்துவிடும்.

இரண்டாவது, குரோம் 109. விண்டோஸ் 7, 8.1 மெஷின்கள் இதோடு நின்றுவிட்டன. 2023 பிப்ரவரியில் வந்த 110-க்கு விண்டோஸ் 10 வேண்டும். பக்கத்தில் பொருள்களை அடுக்கும் கிரிட், ஃப்ளெக்ஸ் முறைகள் எல்லாம் இதில் ஒழுங்காகவே ஓடும். கெடுப்பது டிசைனர்தான். அவர் எடுக்கும் ரெடிமேட் டிசைன் கருவியான டெயில்விண்ட் 4 கேட்பது குறைந்தது குரோம் 111. ஓகேஎல்சிஎச் நிறமுறையே 111-இல்தான் வந்தது என்பதால் பட்டனின் பின்னணி நிறம் காணாமல் போய், வெள்ளை எழுத்து வெள்ளையின் மேல் நிற்கும். இரண்டே வெர்ஷன் வித்தியாசத்தில் விண்டோஸ் 7-இல் குரோம் வைத்திருப்பவர்கள் மொத்தமும் வெளியே. டெயில்விண்ட் 3-இலேயே இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

மூன்றாவது, ஐஃபோன் 6. ஐஓஎஸ் 12.5-க்கு மேல் ஏறாது. "குரோம் போட்டுப் பாருங்க" என்பதும் வீண். அந்த ஐஓஎஸ்ஸில் எந்த பிரவுசரும் ஆப்பிளின் வெப்கிட் இன்ஜினைத்தான் உள்ளே பயன்படுத்தியாக வேண்டும்.

தாங்கிப் பிடிப்பது

எல்லாப் பக்கமும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது இந்த வழி. பேபல் என்ற கருவியைப் போட்டுக் கோடைப் பழைய பாணிக்கு மாற்றி, பிரவுசரில் இல்லாத வசதிகளுக்கு பாலிஃபில் என்ற ஒட்டுக் கோடைச் சேர்க்க வேண்டும். புது ஃபோன் வைத்திருப்பவரும் அந்தச் சுமையை இறக்கிக்கொள்கிறார். இதைவிட மோசம் பாதுகாப்பு. எக்ஸ்ப்ளோரர் 8 வரை வேண்டுமென்றால் ஜேக்வெரி என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பின் 1 வரிசையில் நிற்க வேண்டும். அதில் தெரிந்த ஓட்டைகள் 2020-இல் வந்த 3.5-இல்தான் அடைபட்டன. விண்டோஸ் எக்ஸ்பி மெஷினுக்காக டிஎல்எஸ் 1.0 என்ற பழைய பாதுகாப்புப் பூட்டைத் திறந்து வைத்தால் கார்டு பேமென்ட் விதி இடிக்கும்; 2018 ஜூன் 30-ஓடு அதற்குத் தடை.

பழைய சைட் கையில் வந்தால் முதலில் பாலிஃபில் கொடுத்துவந்த பாலிஃபில் டாட் ஐஓ முகவரி ஏதாவது ஸ்கிரிப்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த டொமைன் கைமாறி, 2024 ஜூனில் அதன் வழியாகத் தீய கோட் பரவியது. இருந்தால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

கதவடைப்பு

பிரவுசர் பெயரைப் பார்த்து "அப்டேட் செய்யவும்" என்று ஒரு பக்கத்தைக் காட்டுவது. அரை நாள் வேலை, மலிவு. ஆனால் அப்டேட் செய்ய முடியாத மெஷினிடம் அப்டேட் செய்யச் சொல்வதில் என்ன பிரயோஜனம்? கணக்கு எழுதுபவர் விண்டோஸை மாற்றிக்கொண்டு வரப்போவதில்லை, அடுத்த கடைக்கு ஃபோன் போடுவார். லாகின், பணம் கட்டும் பக்கம் இரண்டுக்கு மட்டும் இது சரி. அங்கேயும் ஃபோன் நம்பர், வாட்ஸ்அப் நம்பர், பிடிஎஃப் விலைப்பட்டியல் மூன்றும் அந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

திண்ணை

வாசிப்பதற்கு எல்லோருக்கும் இடம், அலங்காரமும் அசைவும் புது பிரவுசருக்கு மட்டும். எங்கள் ஓட்டு இதற்கே. செய்முறை பெரிதல்ல, ஆனால் சறுக்கும் இடங்கள் உண்டு.

ஸ்கிரிப்டை மாட்யூல் என்ற புது வகையாகக் குறித்துவிட்டால் எக்ஸ்ப்ளோரர் அதைத் தொடவே தொடாது, எரரும் வராது. பக்கத்தின் உள்ளடக்கமான எச்டிஎம்எல்லும் தோற்றம் தரும் எளிய சிஎஸ்எஸ்ஸும் நிற்கும். கிரிட் அமைப்பை, "இந்த வசதி தெரியுமா" என்று பிரவுசரைக் கேட்கும் சிஎஸ்எஸ்ஸின் சப்போர்ட்ஸ் விதிக்குள் வைத்தால் அதையும் தாண்டிப் போய்விடும். என்கொயரி ஃபார்ம் ஸ்கிரிப்ட் இல்லாமலே சர்வருக்குப் போகும்படி சாதாரண போஸ்ட் முறையில் அனுப்புவதாக இருக்கட்டும். மெனு பட்டன் திறக்காவிட்டாலும் எல்லா லிங்க்கும் பக்கத்தின் அடியில் இருக்க வேண்டும்.

ஐஃபோன் 6 இந்த வலையில் சிக்காது. மாட்யூல் அதற்குத் தெரியும். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த புது எழுத்துமுறைதான் தெரியாது. ஆக ஸ்கிரிப்ட் உள்ளே வந்து விழுந்து உடையும். பேபல் இலக்கில் ஐஓஎஸ் 12-ஐச் சேர்த்தால் தீர்ந்தது. வெப்பி என்ற புது ஃபார்மட் படங்களும் அதில் வராது. பிக்சர் டேகுக்குள் ஜேபெக்கையும் வைக்க வேண்டும். டீ-ஷர்ட் கேட்லாக்கில் படம் இல்லாவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

நிறையப் பேர் ஏமாறும் இடம் ஃப்ளெக்ஸ் வரிசையில் பொருள்களுக்கு இடைவெளி விடும் கேப். ஐஓஎஸ் 14.5-க்கு முன் அது வேலை செய்யாது, பொருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சப்போர்ட்ஸ் விதியில் கேட்டுப் பார்த்தால் "தெரியும்" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் கிரிட்டில் கேப் அதற்குத் தெரியும். அதை நம்பாமல் ஒவ்வொரு பொருளுக்கும் மார்ஜின் (ஓர இடைவெளி) போடுங்கள்.

இந்த மூன்றிலும் அடங்காத கேஸ் ஒன்று: ஃபேக்டரிக்குள் ஓடும் பழைய ஸ்டாக் சாஃப்ட்வேர், எக்ஸ்ப்ளோரரின் ஆக்டிவ்எக்ஸ் இணைப்பைக் கேட்கும் சிசிடிவி டிவிஆர் (கேமரா பதிவுக் கருவி) பக்கம். இதற்கு மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசருக்குள் எக்ஸ்ப்ளோரர் போல ஓடும் ஐஇ மோடு போதும். 2029 வரையாவது அது இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஐஇ மோடில் திறக்கச் சொல்லிக் கையால் சேர்த்த முகவரி 30 நாளில் காலாவதியாகும் என்பதால் மாதம் ஒரு முறை "கேமரா தெரியலைங்க" என்று ஃபோன் வரும். மெஷின் அதிகம் என்றால் எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங் அனுப்பும் க்ரூப் பாலிசி வழியாக சைட் லிஸ்ட் போட்டுவிடுவது நல்லது.

முடிவெடுக்கும் முன் எத்தனை பேர் பழசில் வருகிறார்கள் என்று அனலிட்டிக்ஸில் பார்ப்பார்கள். ஸ்கிரிப்ட் ஓடாத பிரவுசர் அதில் பதிவாகாது. வருகிற ஒவ்வொரு பிரவுசரையும் குறித்துவைக்கும் சர்வர் லாகில் மூன்று மாதத்தைப் பாருங்கள். பம்ப்செட் டீலர்கள் வரும் கோவை சைட்டும், வெளிநாட்டு பையர் மட்டும் பார்க்கும் கரூர் பெட்ஷீட் சைட்டும் ஒரே கணக்கு அல்ல. கரூருக்கு எக்ஸ்ப்ளோரரைத் தாராளமாக மறக்கலாம்.

ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) தாளில் "பழைய பிரவுசர்" என்று மொட்டையாக எழுதினால் பின்னால் சண்டைதான். குரோம் 109, ஐஓஎஸ் 12.5 இரண்டிலும் வாசிப்பும் என்கொயரியும் நடக்கும். எக்ஸ்ப்ளோரர் 11-இல் எழுத்தும் ஃபோன் நம்பரும் தெரியும், அமைப்பு கலைந்தால் சரிசெய்ய மாட்டோம். அதற்கு மேல் கேட்டால் மணிக் கணக்கில் தனிக் கட்டணம். இப்படி நம்பரோடு எழுதி, ஒவ்வொரு முறை ஏஎம்சி புதுப்பிக்கும்போதும் லாகைப் பார்த்து நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள்.