என்ன நூல் என்று கேட்காதவரிடம் ஸ்வெட்டரைக் கொடுத்துவிடாதீர்கள்

நான்கு மாதம் உட்கார்ந்து பின்னிய ஸ்வெட்டரையும் அக்காவின் குழந்தைக்காகப் பின்னிய போர்வையையும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் கொடுத்து ஏமாந்தேன். ஸ்வெட்டர் எப்படியோ பிழைத்துக்கொண்டது. போர்வை போனது போனதுதான்.

பின்னும்போது எனக்கு இருக்கும் பொறுமை, பின்னி முடித்ததும் எங்கோ ஓடிவிடும். துண்டுகளை நனைத்து, அளவு பார்த்து, குண்டூசி குத்திக் காயவைத்து, ஓரங்களைச் சேர்த்துத் தைத்து, தொங்கும் நூல் முனைகளை ஒவ்வொன்றாக உள்ளே செருகுவது என்றாலே கை வராது. அதனால்தான் கைப்பின்னல் ஆடைகளுக்கு 'முழு ஃபினிஷிங்' செய்து தருகிறேன் என்ற அந்தப் பெண்மணியைத் தேடிப் போனேன். அழகான படங்களைக் காட்டினார். முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்ன நூல், மார்பளவு எவ்வளவு வர வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. "பத்து நாளில் வாருங்கள்" என்றார். எவ்வளவு கைதேர்ந்தவர் என்று நானும் பூரித்துப்போனேன்!

திரும்பி வந்த ஸ்வெட்டர் கடையில் அடுக்கிய சட்டை போல மடிப்புக் கலையாமல் இருந்தது. அதுவே முதல் நெருடல். நெஞ்சில் புடைத்து நிற்க வேண்டிய முறுக்குப் பின்னல்கள் தட்டையாகப் படுத்துக் கிடந்தன. இடுப்பிலும் மணிக்கட்டிலும் உள்ள ரிப் பின்னல் இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்க வேண்டும். இழுத்துப் பார்த்தேன், இழுத்த இடத்திலேயே நின்றது. பின்னலை நனைத்து, அளவுக்குப் பரப்பிக் காயவைப்பதற்குப் பிளாக்கிங் என்று பெயர். அந்தப் பெயரில் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமல், சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தித் தேய்த்திருக்கிறார். நீராவியால் பிளாக் செய்வதும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டி பின்னலைத் தொடக் கூடாது. சற்று மேலே பிடித்து ஆவியை மட்டும் இறக்க வேண்டும்.

நல்லவேளை, ஸ்வெட்டர் அசல் கம்பளி. நனையும்போது கம்பளி இழைக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன, காயும்போது இருக்கும் வடிவத்திலேயே மறுபடி இறுகிக்கொள்கின்றன. வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டேன். கசக்கவில்லை, சூட்டோடு கசக்கினால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி, ஆடை குறுகித் தடித்துவிடும், அதை எவராலும் மீட்க முடியாது. பிழியாமல் டவலில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, அளவு நாடாவோடு பரப்பிவைத்தேன். ரிப்பில் மட்டும் ஊசி குத்தாமல் கையால் ஒடுக்கிவிட்டேன். முறுக்குகள் மெல்ல எழுந்து வந்ததைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது, சிரிக்காதீர்கள்.

அந்த ஊறலில்தான் அடுத்த குட்டு வெளிப்பட்டது. நூல் முனைகளைச் செருகவே இல்லை. ஒரு முடிச்சைப் போட்டு ஒட்ட வெட்டியிருக்கிறார். ஈரத்தில் முடிச்சு நழுவி, அக்குளுக்குப் பக்கத்தில் கண்ணிகள் அவிழத் தொடங்கின. பக்கவாட்டுத் தையலோ, தையல் இயந்திரத்தில் ஓட்டியது. பின்னல் நீளும், அந்த நூல் நீளாது. காய்ந்த பிறகு போட்டுப் பார்த்தபோது கையைத் தூக்கியதும் படபடவென்று தெறித்தது. கம்பளி இழையை வெட்டிவிடாமல் அந்தத் தையலைப் பிரிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

போர்வை அக்ரிலிக். அது ஒரு பிளாஸ்டிக் இழை. சூடு பட்டால் இளகும், பழைய நிலைக்குத் திரும்பாது. மெத்மெத்தென்று இருந்தது பளபளப்பேறி, ஈரத் துணி போலத் துவண்டு வந்தது. மூன்று முறை துவைத்தும் பயனில்லை. சால்வை நன்றாகத் துவள வேண்டும் என்று வேண்டுமென்றே இப்படிச் செய்பவர்கள் உண்டு. குழந்தைப் போர்வைக்கு யார் கேட்டார்கள்? சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பார்த்திருக்கலாம்: கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும், அக்ரிலிக் உருகி மணி போல இறுகும். அதற்குக்கூடத் தேவையில்லை. மீதி நூலையும் லேபிளையும் ஒரு சிறு உறையில் போட்டுப் பையின் அடியில் நானே வைத்திருந்தேன். இஸ்திரிப் பெட்டியின் மேல் குறுக்குக் கோடு போட்ட சின்னம் அந்த லேபிளில் இருக்கிறது. உறை நான் போட்ட முடிச்சோடு அப்படியே திரும்பி வந்தது.

நீங்கள் யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால் பாதித் தொகையை மட்டும் கொடுங்கள். ஈரத்தோடு ஊசி குத்திப் பரப்பிய நிலையில் அளவு நாடா தெரிய ஒரு படம் கேளுங்கள். வாங்கும்போது மேற்பக்கத்தைப் பார்த்து மயங்காமல் உட்புறத்தைத் திருப்பி, நூல் முனைகளைத் தேடுங்கள்.

முறையிட்டேன். "கைப்பின்னல் என்றால் அப்படித்தான், நீங்கள் தளர்வாகப் பின்னியிருக்கிறீர்கள்" என்று பழியை என் தலையிலேயே போட்டார். அடுத்த ஆடைக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அந்தப் போர்வை என்ன நூல் என்று மட்டும் கேட்டேன்.

"நீலம்" என்றார்.