லான்சியா அவுரேலியா பி20 ஜிடி: அடிவயிற்றில் கைவண்ணம் காட்டிய கார்

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பலருக்கும் சிவப்பு நிறமும் பன்னிரண்டு சிலிண்டர்களின் கர்ஜனையும்தான் நினைவுக்கு வரும். லான்சியா அவுரேலியா பி20 ஜிடி அந்தக் கணக்கில் சேராது. நான் ஓட்டிய கார் மங்கிய சாம்பல் நிறத்தில், தெருவோரம் நின்றால் பாதிப் பேர் கவனிக்காமலே கடந்துபோகும்படி அடக்கமாக இருந்தது. 1951 முதல் 1958 வரை ஆறு தொடர்களாக வெளிவந்த இந்த மாடலில் மொத்தமே நான்காயிரத்துக்கும் குறைவான கார்கள்தான் தயாராயின. அவற்றில் நான்காம் தொடரைச் சேர்ந்த ஒன்றை, உரிமையாளர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்க, எந்த ரோமானியச் சாலையின் பெயரை அது தாங்கியிருக்கிறதோ அதே வியா அவுரேலியாவில், இத்தாலியக் கடற்கரை ஊரான செஸ்த்ரி லெவாந்தேயிலிருந்து பிராக்கோ கணவாய் வரை ஓட்டிப் பார்த்தேன்.

கூரையிலிருந்து வால்வரை ஒரே வளைவாக இறங்கும் பின்புறம்தான் இந்தக் காரின் அழகு முழுவதும். அலங்காரத்துக்காக ஒட்டிய குரோமியப் பட்டைகள் அநேகமாகக் கிடையாது. முதல் சில கார்களுக்கு வியோத்தி நிறுவனமும் அதன்பின் பினின் ஃபாரினாவும் உடல் கட்டின. உள்ளே வண்ணம் பூசிய உலோக டாஷ்போர்டில் இரண்டு பெரிய வட்ட அளவுமானிகள் இருக்கின்றன. இருக்கைகளுக்குத் தோலுக்குப் பதிலாக லான்சியாவுக்கே உரிய தடித்த கம்பளித் துணி போர்த்தியிருக்கிறார்கள். வெயில் ஏறிய பிறகும் அது முதுகைச் சுடவில்லை.

பானெட்டைத் திறந்தால், பெரிய எஞ்சினை எதிர்பார்த்தவருக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். அலுமினியத்தாலான சிறிய ஆறு சிலிண்டர் எஞ்சின் அது. ஆனால் தொடர் உற்பத்தியில் வந்த உலகின் முதல் வி6 எஞ்சின் என்ற பெருமை, 1950இல் அவுரேலியா செடானில் அறிமுகமான இந்தக் குடும்பத்துக்கே உரியது. ஆறு சிலிண்டர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் ஓட்டம் மென்மையாக இருக்கும். எஞ்சினோ நீண்டுபோய்ப் பயணிகளின் இடத்தைத் தின்றுவிடும். மும்மூன்றாகப் பிரித்து வி வடிவில் வைத்தால் நீளம் குறையும். அதிர்வை அடக்குவது பெரும்பாடு. பிரான்செஸ்கோ தே விர்ஜிலியோ என்ற பொறியாளர் பல ஆண்டுகள் கணக்குப் போட்டு, 60 பாகைக் கோணத்தையும் பிஸ்டனின் ஒவ்வொரு இணைப்புத் தண்டுக்கும் கிராங்க் என்ற சுழல்தண்டில் தனித்தனி இடத்தையும் கொடுத்து, எல்லாச் சிலிண்டர்களும் சீரான இடைவெளியில் எரியும்படி அந்தச் சிக்கலை அவிழ்த்தார். தொழில்நுட்பப் பொறுப்பில் அவருக்கு மேலிருந்தவர், ஆல்ஃபா ரோமியோவின் புகழ்பெற்ற பந்தயக் கார்களை வடிவமைத்த வித்தோரியோ யானோ.

பி20 முதலில் 1991 சிசி எஞ்சினுடனும் 75 குதிரைத்திறனுடனும் வந்தது. மூன்றாம் தொடரில் அது 2451 சிசியாகவும் 118 குதிரைத்திறனாகவும் உயர்ந்தது. நான் ஓட்டியதிலும் இந்தப் பெரிய எஞ்சின்தான். எண்களைப் பார்த்தால் இன்றைய சாதாரண ஹாட்ச்பேக்கின் அளவுதான் தேறும். ஆயினும் மூன்றாவது கியரில் மலையேறும்போது, கீழ்வேகத்திலிருந்து தடுமாற்றமில்லாமல் இழுத்துச் செல்லும் அந்தச் சீரான இழுவையை எண்களைக் கொண்டு விளக்கிவிட முடியாது.

காரின் மற்றொரு பாதி பின்னால் இருக்கிறது. கிளட்ச், கியர்பெட்டி, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் மூன்றையும் ஒரே தொகுதியாகப் பின்சக்கரங்களுக்கிடையே வைத்து, பின் பிரேக் டிரம்களையும் சக்கரங்களிலிருந்து பிரித்து அந்தத் தொகுதியோடு சேர்த்துவிட்டார்கள். முன்னால் எஞ்சின், பின்னால் கியர்பெட்டி என்று எடை பங்கிடப்படுகிறது. பிரேக்கின் கனத்தைச் சுமக்காத சக்கரங்கள் மேடுபள்ளங்களில் லேசாக ஏறி இறங்குகின்றன. இதற்கு விலையும் உண்டு. கிளட்ச் பின்னால் இருப்பதால் காரின் நடுவே ஓடும் தண்டு எப்போதும் எஞ்சினின் வேகத்திலேயே சுழல்கிறது. அதன் சமநிலை நூலிழை பிசகினாலும் அதிர்வு தெரிந்துவிடும். பின் பிரேக்கைப் பழுதுபார்க்க வேண்டுமானால் காருக்கு அடியில்தான் படுக்க வேண்டும்.

முன்சக்கரங்களின் அமைப்பு இன்னும் பழையது. செங்குத்தான உருளை ஒன்றின் மேல் சக்கரம் நேராக ஏறி இறங்கும் இந்த முறையை 1922இல் லாம்ப்டாவில் அறிமுகப்படுத்திய லான்சியா, முப்பது ஆண்டுகள் கழித்தும் கைவிடவில்லை. வேறொரு நிறுவனமாக இருந்தால் பிடிவாதம் என்றிருப்பேன். ஆனால் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் எங்கே நிற்கிறது என்பது விரல் நுனியில் தெரிகிறது. முதல் மூன்று தொடர்களில் இருந்த தனித்தனிப் பின் சஸ்பென்ஷன், எல்லைவரை விரட்டினால் வாலைத் திடீரென வெளியே வீசக்கூடியது என்பார்கள். நான்காம் தொடரில் அதற்குப் பதிலாக, இரு பின்சக்கரங்களையும் ஒரே குழாயால் இணைக்கும் தெ தியோன் அச்சு வந்தது. கணவாய்க்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் இந்தக் கார் ஒருமுறைகூட என்னைப் பயமுறுத்தவில்லை.

குறை சொல்ல வேண்டுமானால் கியர் தண்டைத்தான் சொல்வேன். ஸ்டீயரிங் கம்பத்தில் முளைத்திருக்கும் அந்தத் தண்டு, காரின் மறுகோடியில் உள்ள கியர்பெட்டியோடு நீண்ட இணைப்புகள் வழியே பேச வேண்டியிருக்கிறது. பொறுமையாக, பாதி வழியில் ஒரு நொடி நிறுத்தித் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது. அவசரப்பட்டால் முரண்டு பிடிக்கிறது. அக்காலத்திலேயே பலர் நார்தி நிறுவனத்தின் தரைக் கியர் தண்டைப் பொருத்திக்கொண்டார்கள். மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் போகும் காருக்கு டிரம் பிரேக்குகள் என்பதையும் இறக்கத்தில் மறக்கக் கூடாது.

இவ்வளவு நுட்பத்தை ஒரு சிறிய நிறுவனம் ஏன் தலைமேல் போட்டுக்கொண்டது என்பதற்கு அதன் பிறப்பிலேயே விடை இருக்கிறது. ஃபியட்டின் பந்தய ஓட்டுநராகப் பெயர்பெற்ற வின்சென்சோ லான்சியா, 1906இல் நண்பர் கிளாவுதியோ ஃபோகோலினுடன் சேர்ந்து துரின் நகரில் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். தனியே சட்டகம் செய்து அதன்மேல் உடலை ஏற்றும் வழக்கத்தை விட்டு, உடலையே பாரம் தாங்கும் கூடாக ஆக்கிய லாம்ப்டா அவருடைய காலத்தது. 1937இல் அவர் இறந்த பிறகு, மகன் ஜானி லான்சியாவின் தலைமையில்தான் அவுரேலியா உருவானது.

இத்தாலியின் நெடுஞ்சாலைப் பந்தயமான மில்லே மில்யாவில் 1951இல் ஜொவான்னி பிராக்கோ இரண்டு லிட்டர் பி20ஐ ஓட்டி ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம் பிடித்தார். அவருக்கு முன்னால் வந்தது வில்லொரேசியின் 4.1 லிட்டர் ஃபெராரி. (நான் ஏறிய கணவாய்க்கும் பிராக்கோ என்ற பெயர்தான் என்பது தற்செயல், அவர் வடக்கே பியெல்லாக்காரர்.) அடுத்த ஆண்டு சிசிலித் தீவின் தார்கா ஃபுளோரியோ பந்தயத்தில் ஃபெலிச்சே பொனெத்தோ வெல்ல, முதல் மூன்று இடங்களும் அவுரேலியாவுக்கே கிடைத்தன. 1954 மான்டே கார்லோ ராலியை வென்ற லூயி ஷிரோன் ஓட்டியதும் இதைத்தான்.

வெற்றிகள் கல்லாப்பெட்டியை நிரப்பவில்லை. விலை உயர்ந்த கார்கள், அவற்றைவிடச் செலவு பிடித்த டி50 ஃபார்முலா ஒன் திட்டம் இரண்டும் சேர்ந்து நிறுவனத்தை அழுத்தின. 1955இல் டி50 கார்கள் ஃபெராரியிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றின் வழிவந்த காரில்தான் பந்தய ஓட்டுநர் ஃபான்ஜியோ 1956இல் உலகப் பட்டம் வென்றார். குடும்பத்தின் கையைவிட்டுப் போன லான்சியா, 1969இல் ஃபியட்டின் சொத்தாயிற்று.

எந்தத் தொடரைத் தேடலாம் என்று கேட்டால், எடை குறைந்த இரண்டாம் தொடரைப் புகழ்பவர்களை நான் மறுக்க மாட்டேன். ஆனால் நெடும்பயணத்துக்கு வைத்துக்கொள்ள நான்காம் தொடரையே தேர்ந்தெடுப்பேன். உடலின் பளபளப்பில் மயங்காமல், பின் தொகுதியையும் நடுத்தண்டையும் இந்த மாடலை அறிந்த ஒருவரைக் கொண்டு பார்த்துவிடுவது நல்லது. துருப்பிடித்த தகட்டை மாற்றிவிடலாம். அந்தத் தொகுதியைச் செப்பனிடத் தெரிந்தவர்கள் குறைவு.

கணவாயின் உச்சியில் எஞ்சினை நிறுத்தியதும், கார் எப்படி என்று உரிமையாளர் கேட்கவில்லை. சாலையோரச் சரளையில் மல்லாந்து படுத்து, கைவிளக்கைப் பின் பிரேக் டிரம்களின் மேல் அடித்து, என்னையும் பக்கத்தில் வந்து படுக்கச் சொன்னார்.