‘இங்கிலாந்து பழைய ஸ்டாக்’ காட்டர் பின்: காசு கொடுக்கும் முன் அளவு கேளுங்கள்

பழைய ராலே, ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைப் புதுப்பிக்கிறவர்கள் கவனத்துக்கு. பெடல் மாட்டும் கையான கிராங்கை நடு அச்சோடு பூட்டும், ஒரு பக்கம் சீவிய இரும்பு ஆணிதான் காட்டர் பின். ‘ஒரிஜினல், இங்கிலாந்து பழைய ஸ்டாக்’ என்று ஆன்லைனில் விற்கும் காட்டர் பின்களைப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஜோடி 650 ரூபாய் என்று நான்கு ஜோடி வரவழைத்தோம். எட்டில் ஒன்றுகூடத் தேறவில்லை.

மெழுகுத்தாள் சுற்றி, பழுப்பு அட்டைப் பெட்டியில் வந்தன. வெர்னியர் அளவுகோல் வைத்ததும் குட்டு உடைந்தது. ராலே கிராங்குக்கு 9.5 மி.மீ. பின் வேண்டும். இதில் ஐந்து 9.3, இரண்டு 9.2. ஒன்று மட்டும்தான் 9.5. அதிலும் சீவிய பக்கம் கோணலாக இருந்தது. ஃபைலை (அரம்) லேசாக இழுத்தால் பித்தளையைச் சீவுவது போலத் துகள் கொட்டியது. அந்த ஒன்றில் ஃபைல் கோடு விழுந்துவிட்டது என்று காரணம் சொல்லி, எட்டையும் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார் விற்றவர். சைக்கிள் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சாதாரண பின்னுக்கும் இதற்கும் அட்டைப்பெட்டியைத் தவிர வித்தியாசம் இல்லை.

மெத்துப் பின் போட்டால் என்ன ஆகும்? பெடலை மிதிக்கும் பாரம் முழுக்க அந்தச் சீவிய பக்கத்தில்தான் இறங்குகிறது. இரும்பு மெத்தாக இருந்தால் முதல் சில கிலோமீட்டரிலேயே அது நசுங்கும். சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று சத்தம் வரும். பலரும் பெடலையோ பால்ரஸையோ (அச்சு சுழலும் குண்டுகள்) சந்தேகப்பட்டு அப்படியே ஓட்டுவார்கள். அதற்குள் அச்சின் தட்டைப் பகுதி அரித்து, கிராங்க் துளை முட்டை வடிவாகிவிடும். பின் போனால் வேறு பின் போடலாம். பழைய ராலே கிராங்க் போனால் எங்கே தேடுவது?

தரம் ஏன் இப்படி ஆனது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1960-க்குப் பிறகு ராலே, ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள் பெயர்கள் எல்லாம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியின் குடையின் கீழ் இருந்தன. 1949-இல் தொடங்கிய நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸுக்கும் மூலம் அதுதான். புது வண்டியில் பொருத்தவே லட்சக்கணக்கில் பின் தேவைப்பட்ட காலம் அது. பின் நசுங்கினால் கெட்டுப்போவது கம்பெனியின் பெயர். நாட்டிங்ஹாமில் ராலே ஃபிரேம் தயாரிப்பு 1999-இல் நின்றது, 2002-இல் வண்டி பூட்டுவதும் நின்றது. உலகத்தில் பெரும்பாலான வண்டிகள் காட்டர் இல்லாத கிராங்குக்கு எப்போதோ மாறிவிட்டன. இன்று கிடைக்கும் இந்தப் பின்னில் நிறைய, ரிப்பேர் சந்தைக்குப் போகும் மலிவுச் சரக்கு. சாதா இரும்பைக் கடைந்து, பதம் ஏற்றாமல், துத்தநாக முலாம் பூசி அனுப்புகிறார்கள். இதற்கு நடுவில் புதுப்பிப்பவர்களின் ஆசையைப் பார்த்து, அதே சரக்குக்குப் பழைய வேஷம் போட்டு விலையை ஏற்றுகிறவர்கள் நுழைந்துவிட்டார்கள். விலை அதிகம் என்றால் தரம் இருக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

கையில் எந்தப் பின் வந்தாலும் பூட்டும் முன் இதைச் செய்யுங்கள். 8.8 என்று தரக்குறி பொறித்த போல்ட் ஒன்றை எடுத்து, அதன் மேலும் பின் மேலும் ஒரே ஃபைலை ஓட்டுங்கள். நல்ல பின்னும் சீவும், ஆனால் அந்தப் போல்ட்டைப் போல எதிர்த்து நிற்கும். அடுத்து, சீவிய பக்கத்தில் மார்க்கர் மை பூசி, அச்சில் மாட்டிய கிராங்கின் துளையில் கையால் அழுத்தி வெளியே எடுங்கள். மை அகலம் முழுக்கத் தேய்ந்திருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் கோணம் தப்பு. அந்த உயர்ந்த இடத்தைத் தட்டை ஃபைலால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். இரண்டு பின்னையும் ஒரே அளவு சீவுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் நேர் எதிராக நிற்காது. பின்கள் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

நட்டை முறுக்கிப் பின்னை இழுக்கவே கூடாது. மரை போய்விடும். நட்டு பின் கழலாமல் பிடிக்க மட்டும்தான். பின்னை அழுத்தி ஏற்றும் பிரஸ் இருந்தால் உத்தமம். சுத்தியல்தான் என்றால் கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, குழாயின் மறுமுனை தரையில் நிற்க, அப்புறம் அடியுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுக்க, அச்சைத் தாங்கும் கப்புக்குள் பக்கத்துக்குப் பதினொன்றாக இருக்கும் கால் அங்குலக் குண்டுகளில் இறங்கி, கப்பில் குழி விழும். 20, 30 கி.மீ. ஓட்டியதும் மறுபடி ஒருமுறை பின்னை அழுத்திவிட்டு நட்டை இறுக்குங்கள்.

கப்பு வாங்கும்போதும் இதே ஆட்கள் ‘எல்லா வண்டிக்கும் சேரும்’ என்பார்கள். சேராது. நாட்டிங்ஹாம் ராலேயின் பழைய ஃபிரேம்களில் அங்குலத்துக்கு 26 மரை. கடையில் கிடைக்கும் சாதா கப்பு 24. ஓரிரு சுற்று சுலபமாக ஏறி அப்புறம் இறுகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஸ்பேனரைப் போட்டு மேலே தள்ளினால் ஃபிரேமின் மரையே அழிந்துவிடும்.

எல்லாப் புதுச் சரக்கும் மட்டம் என்று சொல்ல மாட்டோம். 2000-இல் தைவானின் சன்ரேஸ் வாங்கிய பிறகும் ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப்பு நன்றாகவே வருகிறது. ஆனால் அதன் உள்பாகங்கள் எல்லாம் பழைய ஏ.டபிள்யூ. என்ற மூன்று கியர் ஹப்பில் உட்காராது. ‘ஏ.டபிள்யூ.க்கு’ என்று தனியாக விற்கும் பாகத்தை, உங்கள் பழைய பாகத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

விற்பவரிடம் முதலில் ஒரே ஒரு ஜோடிதான் கேளுங்கள். பின்னைப் பிடித்தபடி வெர்னியர் எண் தெரியும் படமும், சீவிய பக்கத்தின் படமும் அனுப்பச் சொல்லுங்கள். அளவு தப்பினால் திருப்பி எடுப்பேன் என்று எழுத்தில் வாங்குங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அளவு எடுத்து முடியும்வரை ஃபைலைத் தொடாதீர்கள்.