நாலு வருஷமாக இடுப்பில் முக்கால் கிலோ

முதலில் வாங்கியது க்ளாக் 19 என்ற கைத்துப்பாக்கி. அது இப்போது படுக்கையறைப் பெட்டகத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே அதைக் கொண்டுபோனது மொத்தமே இருபது, இருபத்தைந்து நாள்தான். அடுத்து வாங்கிய சிக் சாவர் பி365 எக்ஸ்எல் நாலு வருஷமாகக் கூடவே வருகிறது. இரண்டும் 9 மி.மீ. தோட்டா போடுபவை, இரண்டையும் நம்பிச் சுடலாம். பிறகு ஏன் ஒன்று பெட்டகத்திலும் இன்னொன்று இடுப்பிலும் என்று கேட்டால், பதிலில் பாதி துப்பாக்கியைப் பற்றியதே அல்ல.

அமெரிக்காவில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம், மச்சானோடு சேர்ந்து கேஸ் ஸ்டேஷனும் (பெட்ரோல் பங்க்) அதை ஒட்டி ஒரு சின்னக் கடையும் நடத்துகிறேன். இரவு 11 மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அன்றைய பணத்தோடு கார் வரைக்கும் நடக்க வேண்டும். நாற்பது அடிகூட இருக்காது. பக்கத்துச் சாலையில் கடை வைத்திருப்பவரை அதே போன்ற நாற்பது அடியில்தான் மடக்கினார்கள். அவருக்கு உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கடையை விற்றுவிட்டார். அதுவரை துப்பாக்கி என்றால் போலீஸ், ராணுவத்தார் சமாசாரம் என்று நினைத்திருந்தவன் நான்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்தால் முதலில் ஒன்று. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, தற்காலிக விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்த பிறகுதான் இந்தப் பேச்சே. வாங்கும்போது 4473 என்ற படிவத்தில் விசாவைப் பற்றித் தனியாகவே கேட்பார்கள். உன் பெயரில் வாங்கித்தா என்று நண்பன் கேட்டு, வாங்கிக் கொடுத்தால் அதுவும் குற்றம்தான்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியே கொண்டுபோகலாம் என்று சட்டம் மாறியது. இருந்தும் நான் உரிமம் எடுத்தேன். பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று 1990இன் மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. மாநில உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு, இல்லாதவருக்குக் கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து கடைக்குப் போகும் வழியில் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. வகுப்பு ஒரு நாளில் முடிந்துவிடும். காகித இலக்கைச் சுடும் தேர்வில் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 மதிப்பெண், 175 எடுத்தால் போதும். நான் 231 எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். "என்னங்க, அந்தக் காகிதம் திருப்பி ஓடி வருமா என்ன?" என்றாள் மனைவி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, க்ளாக் 19. 1988இலிருந்து சந்தையில் இருக்கிற துப்பாக்கி. 15 தோட்டா, 4 அங்குலக் குழல், உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். சுட்டுப் பழகும் ரேஞ்சில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள், சொல்வதில் தப்பும் இல்லை. தோட்டா நிரப்பினால் 850 கிராமைத் தாண்டும். எடையைவிட எனக்குத் தொல்லை தந்தது பிடி. இதை நான் தலைகீழாகப் புரிந்து வைத்திருந்தேன். குழல் நீளமானால்தான் மறைப்பது கடினம் என்று நினைத்தேன். குழல் பேண்டுக்குள் போய்விடுகிறது, அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் வெளியே தெரியாது. சட்டையில் புடைத்துக்கொண்டு நிற்பது கைப்பிடியின் அடி முனைதான். கொஞ்சம் குட்டையான பிடி எவ்வளவு வித்தியாசம் தரும் என்பதை ஹூஸ்டன் ஆகஸ்டு மாதத்தில் ஒற்றைச் சட்டையோடு நடந்து பார்த்தால்தான் தெரியும்.

நம் வாழ்க்கை முறைக்கென்று சில சிக்கல்கள் இருக்கின்றன, ஆங்கில வீடியோக்களில் எவரும் இதைப் பேசுவதில்லை. நாம் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலில் குனிந்து செருப்பு, ஷூ கழற்றுவோம். வலது இடுப்பின் பின்பக்கம் வைத்திருந்தால், குனிந்த உடனே சட்டை மேலே ஏறிப் பிடி எட்டிப் பார்க்கும். அப்புறம் தரையில் சம்மணம் போட்டு உட்காருவோம். முன்பக்கம் வைத்திருந்தால் குழல் தொடையிடுக்கில் குத்தும். நண்பர் வீட்டுக் குழந்தைகள் "மாமா" என்று ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும். அவர்கள் தலை சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும். ஒரு தடவை ஒரு பெண் குழந்தை முட்டிக்கொண்டு, "மாமா பெல்ட்ல என்ன?" என்றாள். போன் என்று சமாளித்தேன். அன்றிலிருந்து விருந்துக்குப் போகும் வீடுகளுக்குக் கொண்டுபோவதில்லை. பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கும் கொண்டுபோவதில்லை. வேட்டியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாதகமில்லாத ஒரு விஷயமும் உண்டு. நாம் அரைக்கைச் சட்டையை வெளியே விட்டுப் போடுகிறோமே, அடி நேராக வெட்டிய, கொஞ்சம் தொளதொள என்ற சட்டை, மறைப்பதற்கு அதைவிட நல்ல உடை கிடையாது. கட்டம் போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. புடைப்பு கட்டங்களில் கரைந்துவிடும்.

இரண்டாவது துப்பாக்கிக்கு இணையத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா. பி365 சின்னது 2018இல் வந்தபோது அந்த அளவில் 10 தோட்டா கொள்ளும் என்பதே அதிசயம்; அதற்கு முன் அந்த உருவத்தில் ஆறோ ஏழோதான். ஆனால் பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசினின் அடி தட்டையாக இருந்தால் என் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கியது. அரைக் கிலோ எடைதான் என்பதால் உதையும் கூடுதல். மூன்றாவது மேகசினில் நானாகவே கண்ணைச் சிமிட்ட ஆரம்பித்தேன். ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு பிளஸ் டிரிகர் எனக்கு ரொம்பப் பிடித்தது. க்ளாக் 43எக்ஸ் ஒல்லி, என் பழைய க்ளாக்கின் தம்பி மாதிரி, பழக்கம் மாற்ற வேண்டாம், ஆனால் கூட வருவது 10 தோட்டாதான். பி365 எக்ஸ்எல்லில் 12, குழல் 3.7 அங்குலம், அகலம் ஏறத்தாழ 1.1 அங்குலம், காலியாக 590 கிராமுக்குச் சற்றுக் குறைவு. என் உள்ளங்கை சின்னது. அதில் எல்லா விரலும் உட்கார்ந்தது. முடிவு செய்ய வேறெதுவும் தேவைப்படவில்லை. உங்கள் கை வேறு என்றால் உங்கள் பதிலும் வேறாக இருக்கும்.

துப்பாக்கிக்கு 570 டாலர் கொடுத்தவன், உறைக்கு 18 டாலர் கொடுத்தேன். அந்த முட்டாள்தனத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். மெத்தென்ற துணி உறை, எந்த நிறுவனம் என்பது வேண்டாம். துப்பாக்கியை உருவியதும் வாய் சுருங்கிவிடும். ஒரு நாள் வீட்டில், நல்லவேளை காலித் துப்பாக்கியோடு பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, திரும்பச் செருகினேன். சட்டை நுனி சுருண்டு டிரிகர் வளையத்துக்குள் போயிருந்தது. 'டிக்' என்று, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி விழுந்தது. குழலின் பின்முனை அறையான சேம்பரில் தோட்டா இருந்திருந்தால் தொடை ரத்தக்குழாய் போயிருக்கும். பத்து நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். உறை அன்றே குப்பைக்குப் போனது.

இப்போது இருப்பது கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் அந்த மாடலுக்கென்றே வார்த்த உறை, 85 டாலர். டிரிகர் முழுவதும் மூடியிருக்கும், உருவிய பிறகும் வாய் விரிந்தே இருக்கும். பக்கவாட்டில் சின்ன இறக்கை மாதிரி ஒரு துண்டு உண்டு. அது பெல்ட்டில் முட்டி, பிடியை வயிற்றோடு திருப்பி அழுத்துகிறது. அடியில் ஒரு நுரை ஆப்பு ஒட்டியிருக்கிறேன், அது குழல் முனையை வெளியே தள்ளி மேல்பகுதியை உள்ளே சாய்க்கும். இந்த இரண்டும் செய்யும் வேலையை எந்தச் சின்னத் துப்பாக்கியும் செய்யாது. அதோடு விறைப்பான பெல்ட் ஒன்று. க்ளாக் 19ஐயும் இப்படி ஒரு உறையில் வைத்திருந்தால் இன்னொன்று வாங்கியிருப்பேனா என்று சில சமயம் தோன்றும். ஒருவேளை வாங்கியிருக்க மாட்டேன். பேண்ட் இடுப்பு 34லிருந்து 36 ஆகியிருக்கிறது. ஒரு அங்குலம் உறைக்கு, ஒரு அங்குலம் வீட்டுச் சமையலுக்கு.

வைப்பது தொப்புளுக்கு வலப்பக்கம், குடல்வால் இருக்கும் இடம். இங்கே அப்பெண்டிக்ஸ் கேரி என்பார்கள். காரில் சீட் பெல்ட் போட்ட பிறகும் கைக்கு எட்டும், பின்னால் நிற்பவர் கையில் சிக்காது. ஆனால் குழல் எதை நோக்கி இருக்கிறது என்பதை மறக்கவே கூடாத இடம் அது. உருவுவதில் வேகம் இருக்கலாம், செருகுவதில் வேகத்துக்கு ஒரு அவசியமும் இல்லை. சட்டையை மார்புவரை தூக்கிப் பிடித்து, இடுப்பை முன்னே தள்ளி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்துத்தான் செருகுகிறேன். காலையில் அதையும் செய்வதில்லை. உறைக்குள் செருகிய துப்பாக்கியை உறையோடு சேர்த்துத்தான் பேண்டுக்குள் வைக்கிறேன்.

நாலு வருஷத்தில் ஏறக்குறைய 4,200 தோட்டா சுட்டிருக்கிறேன். இரண்டு தடவை சிக்கியது. இரண்டும் ஒரே மலிவுப் பெட்டியிலிருந்து வந்தவை, வேறு பெட்டி மாற்றியதும் சரியாகிவிட்டது. பயிற்சிக்கு 115 கிரெய்ன் (பாயும் முனையின் எடைக்கான அளவு) சாதாரணத் தோட்டா. இடுப்பில் இருக்கும்போது 124 கிரெய்ன் ஃபெடரல் எச்எஸ்டி. முனையில் குழி உள்ளது, பட்டதும் விரியும், ஊடுருவி மறுபக்கம் போகும் வாய்ப்புக் குறைவு. விலை அதிகம். அதற்காக ஒன்றைக்கூடச் சுட்டுப் பார்க்காமல் நிரப்பிக்கொண்டு திரியக் கூடாது. நான் 150 சுட்டுப் பார்த்த பிறகே நம்பினேன்.

இன்னொரு பிழையும் செய்தேன். இரவு தோறும் சேம்பரிலிருந்து தோட்டாவை எடுத்து, காலையில் அதையே திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தேன். பத்திரம் என்று நினைப்பு. துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடு ஒவ்வொரு முறை அறையும்போதும் தோட்டாவின் முனை பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்குகிறது. புதிய தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது கண்ணுக்கே தெரிந்தது. அப்படி அமுங்கியதைச் சுட்டால் உள்ளே அழுத்தம் எகிறும். இப்போது இரவில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுப்பதே இல்லை. உறையோடு கழற்றி, அப்படியே விரல் பொத்தான் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறேன். பையனுக்கு 12 வயது. நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் கிடைத்துவிட்டால் இங்கே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பூட்டுவேன்.

வியர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மே முதல் அக்டோபர் வரை உறையின் திருகுத் தலைகள் துருப்பிடிக்கும், வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். வாரம் ஒரு நாள் எண்ணெய்த் துணியால் ஸ்லைடைத் துடைப்பேன். வெயிலில் காருக்குள் விட்டுப் போவதைக் கூடியவரை தவிர்க்கிறேன். வெயிலால் அல்ல, கண்ணாடியை உடைத்து எடுத்துப்போவார்கள் என்பதால். ஆனால் சில இடங்களுக்கு வேறு வழி கிடையாது. கடை வாசலில் 30.06 என்று எண் போட்ட அறிவிப்பு இருந்தால் மறைத்துக்கொண்டும் உள்ளே போகக் கூடாது. பார்களில் சிவப்பில் 51 என்று போட்டிருக்கும், அங்கேயும் கூடாது. எங்கள் கடையிலும் பியர் விற்கிறோம். ஆனால் அந்தச் சிவப்புப் பலகை, அங்கேயே உட்கார்ந்து குடிக்கும் இடங்களுக்குத்தான். இருக்கைக்கடியில் கம்பி வடத்தால் கட்டிய சின்ன இரும்புப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் படித்தே, ஊரில் எந்தக் கடைக்கு எந்தப் பலகை என்பது மனப்பாடம் ஆகிவிட்டது.

நாலு வருஷத்தில் அதை ஒருமுறைகூட உருவ நேர்ந்ததில்லை. வேறு ஒன்று மாறியிருக்கிறது. சாலையில் யாராவது குறுக்கே வெட்டினால் முன்பெல்லாம் கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை திட்டுவேன். இப்போது வாயே திறப்பதில்லை, வழியை விட்டுவிடுகிறேன். இடுப்பில் அது இருக்கும்போது நான் போடும் எந்தச் சண்டையும் துப்பாக்கி உள்ள சண்டைதான். மச்சான் இதைக் கோழைத்தனம் என்று கிண்டல் செய்கிறான். அவன் துப்பாக்கியைக் காரின் கிளவ் பாக்ஸில் வைத்திருப்பவன்.

கடைசியாக, ஊருக்குப் போகிறவர்களுக்கு. ரேஞ்சுக்கு நான் முதலில் கொண்டுபோனது ஒரு பழைய முதுகுப் பை. 2023இல் சென்னைப் பயணத்துக்கு முந்தின இரவு, பையன் அதே பையில் தன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். சும்மா ஒரு சந்தேகத்தில் தலைகீழாகக் கொட்டினேன். பக்கவாட்டு ஜிப்புக்குள்ளிருந்து ஒற்றை 9 மி.மீ. தோட்டா உருண்டு விழுந்தது. இந்தியாவில் அது தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். விமான நிலையத்தில் ஒரே ஒரு தோட்டா பிடிபட்டாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குத்தான், 'மறந்துவிட்டேன்' என்பதைப் பிறகு நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டும். அந்தப் பை இப்போது கராஜில் ஆணியில் தொங்குகிறது, வாரில் சிவப்பு டேப் சுற்றி. ஊருக்குப் போகும் பெட்டிகளை மேலே மாடியில் வைத்திருக்கிறோம்.