5200 சீலன்ட்: காக்பிட் வடிகாலுக்கு இது வேண்டுமா?

சிறிய பாய்மரப் படகில் காக்பிட் (படகோட்டி உட்காரும் பள்ளம்) வடிகால் கசிந்தால் பலரும் முதலில் தேடுவது த்ரீ எம் 5200 டியூபைத்தான். இடைவெளியை ஒட்டி அடைக்கும் சீலன்ட் இது, பாலியூரிதேன் வகை; காற்றின் ஈரத்தை இழுத்து இறுகும். நீர்மட்டத்துக்குக் கீழேயும் தாங்கும், இறுகிய பிறகும் ரப்பர் போல வளையும். ஹல்லும் (படகின் உடல்) டெக்கும் (மேல்தளம்) சேரும் மூட்டுக்கு அருமையான சரக்கு. வடிகால் வாய்க்கு மட்டும் வேண்டாம் என்போம்.

காரணம் அதன் பிடி. வடிகால் ஃபிட்டிங் பெரும்பாலும் பிளாஸ்டிக். வெயிலில் நைந்து என்றாவது மாற்ற வேண்டியது. 5200 போட்டு ஒட்டியதைப் பெயர்த்தால் ஜெல்கோட்டும் (பைபர்கிளாஸின் மேல்பூச்சு) கூடவே வரும். அதே நிறுவனத்தின் 4200 தண்ணீரையும் தடுக்கும், பிறகு கத்தி விட்டு அறுத்தும் எடுக்கலாம். நேரமும் மிச்சம்: சாதாரண 5200 முழுதாக இறுக 5 முதல் 7 நாள், 4200 ஃபாஸ்ட் க்யூருக்கு ஒரு நாள்.

டியூபைத் திறக்குமுன் கசிவு எங்கே என்று பாருங்கள். வெளிவாயை அடைத்து, விளிம்புக்குச் சற்று மேல் வரை சாயத் தண்ணீர் ஊற்றி, அடியில் வெள்ளைத்தாள் விரியுங்கள். கறை ஹோஸ் முனையிலிருந்து வந்தால் சீலன்டுக்கு வேலையே இல்லை. வெடித்த நுனியை வெட்டிவிட்டு, இடமிருந்தால் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போட்டால் போதும்.

விளிம்பில் கசிந்தால் ஃபிட்டிங்கைக் கழற்றி ஓட்டையின் உட்சுவரைப் பாருங்கள். பைபர்கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ திறந்து கிடந்தால் அதுதான் உண்மையான நோய். கறுத்த மரத்தைச் சுரண்டி, முழுக்க உலரவிட்டு, சுற்றிலும் 10 மி.மீ. குடைந்து எடுங்கள். முதலில் தண்ணியான எபாக்ஸிப் பிசினை மரம் குடிக்கட்டும். பிறகு கெட்டியாகக் கலந்ததை அடைத்து, இறுகியதும் ஓட்டையைத் திரும்பப் போடுங்கள். இதைத் தாண்டிப்போனால் எந்த டியூபும் காப்பாற்றாது.

பழைய சிலிக்கோன் படலம் துளி இருந்தாலும் புது சீலன்ட் ஒட்டாது. 80-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து அசிட்டோனால் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் அசிட்டோன் படக்கூடாது. ஆல்கஹால் கிட்டவே வேண்டாம், பாலியூரிதேன் இறுகுவதையே அது கெடுத்துவிடும். ஃபிட்டிங்கை முறுக்கும்போது சுற்றிலும் சீலன்ட் பிதுங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் இடையில் ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

இரண்டு வடிகாலுக்கு 3 அவுன்ஸ் டியூபே தாராளம். பெரியது வாங்கினால் மீதி டியூபுக்குள்ளேயே கல்லாகிவிடும்.