206 பாட்டு, பாடிய பிள்ளையின் பெயர் மட்டும் இல்லை

போன கிழமை என் வான் வண்டியில் பாட்டுப் போடுகிற சீடி செட்டைத் திருத்தக் கொடுத்தேன். லென்ஸில் தூசியும் உப்பும் படிந்து சீடி வாசிக்காமல் நின்றுவிட்டது. திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைப் பக்கம் வான் நிறுத்துகிற எவருக்கும் இது தெரிந்த வருத்தம்தான். திருத்தித் தந்த தம்பி, "அண்ணா, இனி சீடியை விடுங்கோ. பென் டிரைவ் போடுற செட் ஒன்று மாட்டித் தாறன்" என்றான். அன்று பின்னேரமே மூதூரிலிருந்து கூட்டாளி போன் எடுத்து, "மச்சான், உன்னட்ட இருக்கிற சூப்பர் சிங்கர் சீடி ரெண்டையும் எனக்குப் பென்னில ஏத்தித் தாறியா? நல்லமா அது?" என்று கேட்டான். பத்து வருசத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒன்றைப் பற்றி ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

2015இல் டவுனில் ஒரு கடையில் வாங்கியவை இவை. விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் பாட்டுப் போட்டியில் பாடியவை. ஒன்றில் சாய்சரண் வென்ற சீசனும் ஆஜித் வென்ற ஜூனியர், அதாவது சிறுவர் சீசனும் சேர்ந்து 112 பாட்டு. மற்றதில் ஸ்பூர்த்தி வென்ற ஜூனியர், 94 பாட்டு. டிவிக்காரர் வெளியிட்ட இசைத்தட்டு என்று நினைக்க வேண்டாம். ஒளிபரப்பிலிருந்து பாட்டை மட்டும் வெட்டியெடுத்து யாரோ எம்பி3 ஆக்கிச் சேர்த்தது. சத்தம் ஒரே அளவில் இல்லை. ஒரு பாட்டுக்குக் கூட்டிவிட்டு அடுத்ததுக்குக் குறைக்க வேண்டும். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு சீடியில் பத்து மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடுகிறது. கட்டுநாயக்கா விமான நிலையம் போய் வர ஒன்றே போதும்.

என் கோபம் வேறு இடத்தில். இந்த 206 பாட்டில் ஒன்றிலாவது பாடிய பிள்ளையின் பெயர் இல்லை.

படத்தின் பெயர் இருக்கிறது. இசையமைப்பாளர் பெயர் இருக்கிறது. படத்தில் பாடியவரின் பெயரும் இருக்கிறது. தொகுத்தவர் ஒவ்வொரு பாட்டுக்கும் சினிமா ஒலித்தட்டின் விவரத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார். ஸ்பூர்த்தி வென்ற அந்த 2015 இறுதிச் சுற்றில் ஜெசிகா 'விடை கொடு எங்கள் நாடே' பாடியதை இங்கே மறந்தவர் யார்? கனடாவில் வளர்ந்த ஈழத்துப் பிள்ளை. இரண்டாம் இடத்துக்குக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தையும் அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக அந்த மேடையிலேயே சொன்ன குடும்பம். அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பாட்டு ஓடும்போது செட்டின் சின்னத் திரையில் எழுத்து நகர்ந்து போகிறது: எம்.எஸ்.விஸ்வநாதன். 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் மற்றவர்களோடு சேர்ந்து முதலில் பாடியவர் அவர்தான், சரி. அவருக்குரிய மரியாதை அவருக்கு. ஆனால் என் காதில் விழுவது அந்தப் பிள்ளையின் தொண்டை. அதற்கு மேலே இன்னொருவரின் பெயர் எப்படி ஓடலாம்?

ஏன் இப்படி ஆனது என்று கேட்டுக் கேட்டே எனக்கு விளங்கிவிட்டது. டிவியில் அறிவிப்பாளர் பாட்டுக்கு முன்னால்தான் பெயரைச் சொல்வார். பாட்டு முடிந்ததும் நடுவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதைப்பார்கள். தொகுத்தவர் கதைக்கிறதெல்லாம் இடைஞ்சல் என்று இரண்டு பக்கமும் நறுக்கிவிட்டார். பேச்சோடு சேர்ந்து பெயரும் போய்விட்டது. சில பாட்டில் கத்தி கொஞ்சம் தப்பி விழுந்திருக்கிறது. கைதட்டல் அடங்கும்போது ஒரு நடுவர் "கண்ணா…" என்று தொடங்குகிறார், அதோடு அடுத்த பாட்டு. எந்தக் கண்ணன்?

முதல் சீடியில் 43ஆவது பாட்டு. ஒரு பொடியன், பதினொன்று பன்னிரண்டு வயதிருக்கும். இரண்டாம் சரணத்தில் மேலே ஏறும்போது குரல் உடைகிறது. வயலின்காரர்கள் விடாமல் வாசிக்கிறார்கள். மைக்குக்குக் கிட்ட ஒரு மூச்சு இழுக்கிறான், அது தெளிவாகக் கேட்கிறது. பிறகு அதே இடத்தைத் திரும்பப் பிடிக்கிறான், இந்த முறை சுத்தமாக. வரி முடிய முன்பே கூட்டம் கைதட்டுகிறது. ஸ்டூடியோப் பதிவில் இப்படி ஒன்று வராது, உடைந்த இடத்தை அழித்துவிட்டுத் திரும்பப் பாட வைப்பார்கள். இந்தத் தொகுப்பை நான் எறியாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஒருமுறை சாம்பல்தீவிலிருந்து ஒரு அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன், வெளிநாட்டிலிருந்து வருகிற மகனைக் கூட்டிவர. கந்தளாய் தாண்டி 43 ஓடியது. "திரும்பப் போடுங்கோ தம்பி" என்றார். போட்டேன். மூன்றாவது தரமும் கேட்டுவிட்டு, "ஆர் பெத்த பிள்ளை இது?" என்றார். "தெரியாதம்மா" என்றேன். "இவ்வளவு வடிவாப் பாடுது, பேர் தெரியாதா?" அலுத்ஓயா வரும்வரை அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குச் சரியான வெட்கமாக இருந்தது. வென்ற பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். நாலாம் கிழமையில் வெளியே போன பிள்ளைக்கு அந்த ஒரு பாட்டுத்தானே மிச்சம்?

இப்போது யூடியூப்பில் தலைப்பிலேயே பிள்ளையின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். 2023இல் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா சரிகமப டிவிப் பாட்டுப் போட்டியில் வென்றபோது ஒவ்வொரு பாட்டும் அவர் பெயரோடுதான் போன் போனாகப் போனது. அதைப் பார்க்கப் பார்க்க இந்தச் சீடிகள் மீது கோபம் கூடியது. ஆனால் ஹபரணைக் காட்டுப் பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அங்கே யூடியூப் உதவாது, இதுதான் உதவும். நேரடி வாத்தியம், பிள்ளைகளின் பதற்றம், சனத்தின் ஆரவாரம், எல்லாம் சேர்ந்து கிடைக்கிற சந்தோசத்தைச் சினிமா ஒலித்தட்டு எனக்குத் தந்ததே இல்லை.

என்றாலும் கூட்டாளிக்கு "வேண்டாம்" என்றுதான் சொன்னேன். பெயரில்லாத பாட்டை இன்னொரு வானுக்கு நான் ஏற்றிவிட மாட்டேன். மகளின் பழைய கொப்பி ஒன்றில் எண் போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். குரலைக் கேட்டு, யூடியூப்பில் தேடி, உறுதியானால் மட்டும் பெயர் எழுதுகிறேன். இதுவரை 131 ஆகிவிட்டது. முழுக்க முடிந்தால் கோப்புக்குக் கோப்பு பெயரை மாற்றி, நானே மூதூருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன் மச்சான், அதுவரை பொறு.

43க்கு நேரே இன்னும் வெறும் கோடுதான். அந்தப் பாட்டைப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். இரண்டாம் சரணத்தில் உடைந்து திரும்பப் பிடித்த அந்தப் பொடியனைத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கேளுங்கள், அனுப்புகிறேன். பெயரை மட்டும் சொல்லுங்கள்.