ஹோரோவிட்ஸ்: 1965 நியூயார்க்கா, 1986 மாஸ்கோவா?

விளாடிமிர் ஹோரோவிட்ஸின் பியானோவை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் இரண்டு மேடைப் பதிவுகளைத்தான் பெரும்பாலும் கைகாட்டுவார்கள். ஒன்று, 1965 மே 9 அன்று நியூயார்க் கார்னகி அரங்கில் வாசித்தது. மற்றது, 1986 ஏப்ரல் 20 அன்று மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில் வாசித்தது. ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் எதை வாங்குவது?

இரண்டுமே திரும்பி வந்த கதைகள். 1953க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் மேடைப் பக்கமே வராதிருந்தவர், 61 வயதில் கார்னகி மேடை ஏறினார். டிக்கெட்டுக்காக இரவெல்லாம் வரிசையில் காத்திருந்தவர்களுக்கு அவருடைய மனைவி வாண்டா காபி வரவழைத்துக் கொடுத்தார். மாஸ்கோ கதை இன்னும் பெரியது. கீவில் பிறந்து 1925இல் சோவியத் நாட்டை விட்டுச் சென்றவர், 61 ஆண்டுகள் கழித்து, 82 வயதில், தன் வீட்டு ஸ்டைன்வே பியானோவையும் உடன் எடுத்துக்கொண்டு வந்து வாசித்தார். டிக்கெட் கிடைக்காத மாணவர்கள் காவலைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். கதையை வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் மாஸ்கோவுக்கே என் ஓட்டு. ஆனால் வாங்குவது இசையை அல்லவா?

நல்லவேளையாக, மூன்று உருப்படிகள் இரண்டு கச்சேரிகளிலும் இருக்கின்றன: ஷோப்பானின் சி ஷார்ப் மைனர் மசுர்க்கா (போலந்து நடன வகையில் அமைந்தது), அதே சுருதியில் ஸ்க்ரியாபினின் எட்யூட் (பயிற்சி வடிவச் சிறு உருப்படி), ஷூமனின் ‘ட்ராய்மரை’ (கனவு காணல்).

மசுர்க்காவில் மாஸ்கோவே மேல். முடிவை நெருங்கும்போது ஸ்வரக்கூட்டுகள் அரை அரை ஸ்வரமாகப் படியிறங்கி வரும் ஓர் இடம் உண்டு. நியூயார்க்கில் அந்தப் படிகள் ஒவ்வொன்றும் துலக்கமாகக் கேட்கின்றன. மாஸ்கோவில் அவை மங்கிக்கொண்டே இறங்குகின்றன. ஆடிக் களைத்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் போல. நடனம் தாளத்திலிருந்து நழுவி நினைவாக மாறுவதை அந்த நான்கைந்து நொடிகளில் கேட்கலாம். ஸ்க்ரியாபின் எட்யூடையும் மாஸ்கோவுக்கே தருவேன். ஸ்க்ரியாபின் பதின்வயதில் எழுதியது அது. சிறுவனாக ஸ்க்ரியாபினுக்கே வாசித்துக் காட்டியவர் ஹோரோவிட்ஸ். அங்கே இடக்கை ஸ்வரங்கள் அடித்து எழுப்பியவையாகத் தோன்றவில்லை, தரையிலிருந்து ஊறி வருகின்றன.

‘ட்ராய்மரை’யில் என் முடிவு வேறு. மாஸ்கோ வீடியோவில் அந்த இசையின்போது ஒருவரின் கன்னத்தில் கண்ணீர் வழிவதைக் கேமரா பிடித்திருக்கிறது. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், நானும் மறக்கவில்லை. ஆனாலும் ஒருமுறை படத்தை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். மொத்தம் இருபத்து நான்கே பார்கள், அதாவது தாளப் பகுப்புகள். கடைசிக்குச் சற்று முன்பு, மேலே ஏறி நிற்கும் ஒரு கூட்டொலியில் நிறுத்தக் குறி போட்டிருக்கிறார் ஷூமன். நியூயார்க்கில் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஹோரோவிட்ஸ் அரங்கத்தின் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார். அங்கே அது கடைசி உருப்படி. அதற்குப் பின் ஒன்றுமில்லை. மாஸ்கோவில் அது துக்கடாக்களில் முதலாவது. அதைத் தொடர்ந்து மோஷ்கோவ்ஸ்கியின் ‘தீப்பொறிகள்’, ராக்மனினோவின் போல்கா என்று கச்சேரி சிரித்த முகமாகவே முடிகிறது.

மூன்றில் இரண்டை மாஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டும் நான் நியூயார்க்கைத்தான் வாங்கச் சொல்வேன். காரணம் ஷூமனின் சி மேஜர் ஃபேன்டசி. ஜெர்மனியின் பான் நகரில் பேத்தோவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப நிதி திரட்டுவதற்காக ஷூமன் தொடங்கி, 1839இல் வெளியாகி, லிஸ்ட்டுக்குக் காணிக்கையாக்கப்பட்ட படைப்பு. அதன் இரண்டாம் பகுதியின் முடிவில் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசைகளில் தாவ வேண்டும். கண்ணால் ஒரு கையைத்தான் தொடர முடியும், மற்றது குருட்டுத் தாவல். பெரிய பெரிய வித்துவான்களும் அஞ்சும் இடம். ஹோரோவிட்ஸ் வேகத்தைக் குறைக்காமல் அதில் பாய்கிறார், பல ஸ்வரங்களைத் தவறவிடுகிறார், ஆனால் பாய்ச்சல் நிற்கவில்லை. அந்தக் கொந்தளிப்பு அடங்கி மூன்றாம் பகுதி மெல்லத் தொடங்கும்போது, ஒரு மனிதர் விழுந்து எழுந்து நடப்பதை நாம் கூடவே இருந்து பார்த்தவர்களாகிறோம். மாஸ்கோ நிகழ்ச்சியில் இந்த அளவு நீளமும் ஆழமும் கொண்ட ரொமான்டிக் (19ஆம் நூற்றாண்டு பாணி) படைப்பு எதுவும் கிடையாது. அங்கே எல்லாம் கைக்கடக்கமான மணிகள்: மோட்சார்ட் சொனாட்டா ஒன்று, ராக்மனினோவ் பிரெலூடுகள், லிஸ்ட்டின் பெட்ரார்க் சானெட். 82 வயதுக்காரர் தன் பலம் அறிந்து கோத்த மாலை அது. நியூயார்க்கிலோ ஃபேன்டசி போதாதென்று ஸ்க்ரியாபினின் ஒன்பதாம் சொனாட்டா, ஷோப்பானின் ஜி மைனர் பல்லாட் என்று சுமையை ஏற்றிக்கொண்டே போகிறார்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். 1965இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டில் பிசகிய சில இடங்கள் திருத்தி ஒட்டப்பட்டிருந்தன. 2003இல் சோனி வெளியிட்டதுதான் திருத்தம் இல்லாத பதிவு. அதையே கேட்டு வாங்குங்கள். முதல் உருப்படியான, பாக் எழுதி புசோனி பியானோவுக்கு மாற்றியமைத்த டொக்காட்டாவின் தொடக்கத்திலேயே விரல்கள் தவறான ஸ்வரங்களில் விழுகின்றன. பன்னிரண்டு ஆண்டு அச்சம் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. ஒட்டுப் போட்ட பதிவில் அந்த அச்சத்தைத் துடைத்துவிட்டார்கள். அதோடு பின்னால் வரும் தைரியத்தின் அளவும் நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் மாஸ்கோவையும் வாங்குங்கள், இரவில் ஹெட்போனில் அந்த மசுர்க்காவுக்காக.